சாய்ந்தால் மட்டும் போதாது

ஆல்ப்ஸ் மலையின் பனிச்சறுக்குத் தளங்களில் ராத்திரி முழுக்கச் சங்கிலிப் பட்டை வண்டிகள் ஓடும். பகலெல்லாம் ஆட்கள் கிளறிப்போட்ட பனியை உடைத்து, அமுக்கி, மட்டம் செய்து, மேலே விரல் தடிமனில் வரிவரியாகச் சீவிவிட்டுப் போகும். காலையில் லிஃப்ட் திறந்ததும் முதலில் இறங்குகிறவர்களின் தடம் அந்தப் புதுப் பரப்பில் அச்சாக விழும். தடத்தைப் பார்த்தே யார் எப்படி இறங்கினார்கள் என்று சொல்லிவிடலாம்.

பெரும்பாலானவை அகலத் தடங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு முழத்துக்குப் பனி வழிக்கப்பட்டு வெளிப்பக்கம் குவிந்து கிடக்கும். பலகை ஒரு திசையைப் பார்க்க, ஆள் இன்னொரு திசையில் போயிருக்கிறார் என்று அதற்குப் பொருள். இவற்றுக்கு நடுவே அபூர்வமாக ஒரு கோடு தென்படும். அகலம் விரல் அளவுதான். ஆழமாக, ஓரம் சிதறாமல், இடமும் வலமுமாக வளைந்து அடிவாரம் வரை போயிருக்கும். பலகையின் மூக்கு வெட்டிய பள்ளத்திலேயே வாலும் கடந்து போனால்தான் இப்படி ஒரு கோடு கிடைக்கும். இதைத்தான் கார்விங் என்கிறார்கள். பக்கவாட்டில் துளியும் வழுக்காமல், பலகை தன் விளிம்பின் மீதே ஓடித் திரும்பும் கலை அது.

இரு கால்களையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு சறுக்கும் ஸ்னோபோர்டில் ஏறிய முதல் நாளே எல்லோரும் கேட்கும் அறிவுரை, "திரும்ப வேண்டிய பக்கம் சாய்" என்பது. தப்பில்லை, ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ளப் பலகையின் வடிவத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

பலகையைத் தரையில் வைத்து மேலிருந்து பாருங்கள். உடுக்கை மாதிரி மூக்கும் வாலும் அகன்று, இடை ஒடுங்கியிருக்கும். நார்வேயின் டெலிமார்க் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில், காலுக்கு ஒன்றாகக் கட்டும் ஸ்கீக்களுக்கு இந்த வடிவத்தைக் கொடுத்த பெருமை பொதுவாக சோந்த்ரே நூர்ஹெய்ம் என்பவருக்குத் தரப்படுகிறது. ஸ்னோபோர்டு அதை மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது. 1965 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீக்களைச் சேர்த்துப் பிணைத்து ஒரு விளையாட்டுப் பொருள் செய்தார். ஸ்னோபோர்டின் முன்னோடியான அது ஸ்னர்ஃபர் என்ற பெயரில் கடைக்கு வந்தபோது மூக்கில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருந்தது. காலைக் கட்டும் பைண்டிங்கும் இல்லை, எஃகு விளிம்பும் இல்லை. கெட்டிப் பனியில் அதை வைத்துக்கொண்டு கோடு கீறுவது நடக்காத காரியம்.

இந்த இடை ஒடுக்கத்தை சைட்கட் என்பார்கள். ஒரு பொதுவான பலகையை எடுத்துக்கொள்வோம். பனியைத் தொடும் விளிம்பின் நீளம் 120 செ.மீ. இடையில் விளிம்பு உள்வாங்கியிருப்பது 2.25 செ.மீ. இந்த வளைவை அப்படியே நீட்டிப் பெரிய வட்டமாக முடித்தால் அதன் ஆரம் 8 மீட்டர் வரும். நீளத்தின் வர்க்கத்தை, உள்வாங்கலின் எட்டு மடங்கால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். கடையில் பலகையின் மீது அச்சிட்டிருக்கும் சைட்கட் ஆரம் இதுதான்.

ஆனால் பலகை 8 மீட்டர் வட்டத்தில் ஓடுவதில்லை. இங்கேதான் வடிவத்தின் வேலையே ஆரம்பிக்கிறது. பலகையை ஒரு பக்கமாகச் சாய்த்து நிறுத்துங்கள். அகன்ற மூக்கும் வாலும்தான் பனியைத் தொடும். ஒடுங்கிய இடைக்கும் பனிக்கும் நடுவே இடைவெளி விழும். மேலே ஆள் நின்று அழுத்தினால் இடை வளைந்து கீழே வந்து பனியைத் தொடும். 60 டிகிரி சாய்வில் அந்த வளைவு கிட்டத்தட்ட 3.9 செ.மீ. இருக்கும். இப்படி வளைந்த பலகை பனியில் பதிக்கும் வில், சைட்கட்டைவிட இறுக்கமானது. கணக்குப் போட்டால் ஒரு எளிய விதி கிடைக்கிறது: திருப்பத்தின் ஆரம், சைட்கட் ஆரத்தை விளிம்புக் கோணத்தின், அதாவது பலகையின் சாய்வின், கொசைனால் பெருக்கினால் வருவது. பலகை தட்டையாக இருந்தால் 8 மீட்டர், 60 டிகிரிக்குச் சாய்த்தால் 4 மீட்டர். பனி கெட்டியாக இருக்கும்வரை இந்த விதி நன்றாகவே பொருந்துகிறது. மென்மையான பனியில் விளிம்பு புதைவதால் கொஞ்சம் மாறும்.

இப்போது பலகையின் மீது நிற்கிறவரைப் பார்ப்போம். வளைந்து ஓடும் எவரும் விழாமல் இருக்க உட்பக்கம் சாய்ந்தாக வேண்டும். வேகம் கூடினால் சாய்வும் கூட வேண்டும், வட்டம் சுருங்கினாலும் கூட வேண்டும். இது சைக்கிளுக்கும் பொது. ஆனால் சைக்கிளில் வட்டத்தின் அளவை ஹேண்டில்பார் தனியாக முடிவு செய்கிறது. ஸ்னோபோர்டில் ஹேண்டில்பார் கிடையாது. எவ்வளவு சாய்க்கிறோமோ அதுவே வட்டத்தை முடிவு செய்கிறது. ஆள் விறைப்பாக, பலகைக்குச் செங்குத்தாக நிற்பதாக வைத்துக்கொண்டால் உடலின் சாய்வும் விளிம்புக் கோணமும் ஒன்றே. இரண்டு விதிகளையும் சேர்த்து எழுதினால், வேகத்தின் வர்க்கம் என்பது புவியீர்ப்பு முடுக்கம், சைட்கட் ஆரம், சாய்வின் சைன் ஆகிய மூன்றின் பெருக்குத்தொகை.

இந்தச் சின்னச் சமன்பாடு இரண்டு கெடுபிடியான செய்திகளைச் சொல்கிறது. முதலாவது, சைன் ஒன்றைத் தாண்டாது. ஆகவே ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வேக உச்சம் உண்டு. 8 மீட்டர் பலகைக்கு அது மணிக்குச் சுமார் 32 கி.மீ. அதற்கு மேல் போனால் எவ்வளவு சாய்ந்தாலும் தூய கார்விங் இல்லை, வழுக்கித்தான் ஆக வேண்டும். 20 மீட்டர் ஆரமுள்ள பந்தயப் பலகைக்கு உச்சம் மணிக்கு 50 கி.மீ. பந்தயப் பலகைகள் ஏன் அவ்வளவு நேராகவும் நீளமாகவும் இருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது.

இரண்டாவது செய்திதான் இந்த அத்தியாயத்தின் சாரம். விறைப்பாக நிற்பவருக்கு ஒரு வேகத்தில் ஒரே ஒரு சாய்வுதான், ஒரே ஒரு வட்டம்தான். 8 மீட்டர் பலகையில் மணிக்கு 22.5 கி.மீ. வேகத்தில் போனால் 30 டிகிரி சாய்வு, 6.9 மீட்டர் ஆரம். குறுக்கே ஒரு குழந்தை வந்தால் இன்னும் இறுக்கமாகத் திரும்ப வழியில்லை. அதிகமாகச் சாய்ந்தால் உட்பக்கம் விழுவார். சாய்வு மட்டுமே தெரிந்தவரைப் பலகைதான் ஓட்டிக்கொண்டு போகிறது.

விடுதலை கிடைப்பது உடலை மடிப்பதில். பலகையின் கோணத்தையும் உடலின் சாய்வையும் பிரித்துவிட வேண்டும். அதே 22.5 கி.மீ. வேகத்தில் பலகையை 60 டிகிரிக்கு நிறுத்தினால் ஆரம் 4 மீட்டராகச் சுருங்கும். அந்த வட்டத்துக்குச் சமநிலை தரும் உடல் சாய்வு 45 டிகிரி. வித்தியாசம் 15 டிகிரி. இந்த 15 டிகிரியைக் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் சேர்ந்து மடிந்து கொடுக்க வேண்டும். ஒருவரின் மடிப்பு எவ்வளவோ அவ்வளவு வட்டங்கள் அவர் கைவசம்.

பிரிப்பதிலும் ஒரு திசை உண்டு. விளிம்புக் கோணம் உடலின் சாய்வைவிட அதிகமாக இருக்கலாம், குறையவே கூடாது. எடையும் வெளித்தள்ளும் விசையும் சேர்ந்த மொத்த அழுத்தம் விளிம்பு வெட்டிய படியில் செங்குத்தாகவோ, உட்பக்கம் சற்றுத் திரும்பியோ இறங்கினால் படி தாங்கும். வெளிப்பக்கம் திரும்பினால் பலகை படியிலிருந்து பிதுங்கி வெளியேறும். கெட்டிப் பனியில் ஒரு 'கரக்' சத்தத்தோடு ஆள் இடுப்பு அடிபட உட்காருவாரே, அது இதனால்தான். தைரியமாகத்தான் சாய்ந்திருப்பார். பலகை அந்த அளவுக்குச் சாய்ந்திருக்காது.

அழுத்தம் என்றதும் ஒரு கணக்கு. 45 டிகிரி சாய்வில் கால்கள் தாங்குவது உடல் எடையின் 1.4 மடங்கு. 60 டிகிரியில் இரண்டு மடங்கு. எழுபது கிலோ ஆள் திருப்பத்தின் நடுவில் நூற்று நாற்பது கிலோ. தொடைகள் ஏன் நடுங்குகின்றன என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

இதுவரை சொன்னது சமதளக் கணக்கு. மலையில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. 20 டிகிரி சரிவில் எடையின் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். திருப்பத்தின் முதல் பாதியில் வட்டத்தின் மையம் ஆளுக்குக் கீழே இருப்பதால் இந்த இழுப்பு உட்பக்கமாகச் செயல்பட்டு வெளித்தள்ளும் விசையைக் குறைக்கிறது. இரண்டாம் பாதியில் மையம் மேலே போய்விடும். இப்போது அதே இழுப்பு வெளித்தள்ளும் விசையோடு கூட்டணி சேர்கிறது. வேகமும் ஆரமும் மாறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், வெளித்தள்ளல் எடைக்குச் சமமாக இருக்கும் ஒரு திருப்பத்தில் தொடக்கத்தில் 35 டிகிரி சாய்வு போதும், முடிவில் 55 டிகிரி வேண்டும். சுமை 1.15 மடங்கிலிருந்து 1.6 மடங்குக்கு ஏறுகிறது. பலகை அதிர்வதும், வால் பிய்த்துக்கொண்டு போவதும் பெரும்பாலும் திருப்பத்தின் கடைசிக் கால்பங்கில் நடப்பது தற்செயல் அல்ல. தேர்ந்தவர்கள் இதனால் முன்கூட்டியே தொடங்குகிறார்கள். சுமை குறைவாக இருக்கும் முதல் பாதியிலேயே விளிம்பைக் கடிக்கவிட்டு, வளைவின் பெரும்பகுதியை அங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

சொல்வது சுலபம். முதல் பாதியில் விளிம்பைக் கடிக்கவிடுவது என்றால், பலகை இன்னும் மலைக்குக் குறுக்கே போய்க்கொண்டிருக்கும்போதே உடலைப் பலகைக்குக் கீழ்ப்பக்கமாக, பள்ளத்தாக்கை நோக்கி விட வேண்டும். கால் மேலே, தலை கீழே. பலகை வளைந்து அடியில் வந்து ஏந்திக்கொள்ளும் என்று நம்பி விழ வேண்டும். மூளை இதற்குச் சம்மதிக்காது. பின்காலில் எடையை வைத்து உட்காரச் சொல்லும். பின்னால் உட்கார்ந்தால் மூக்கின் விளிம்பு பனியைக் கடிக்காது, கடிக்காவிட்டால் திருப்பம் தொடங்காது, தொடங்காவிட்டால் பின்காலால் வாலை உதைத்துத் தள்ள வேண்டும். அகலத் தடங்கள் அத்தனையும் பிறப்பது இந்த அச்சத்தில்தான்.

மடிப்பே இல்லாமல் முழுக்கச் சாய்ந்தே பிழைக்கும் ஒரு மரபும் உண்டு. 1980-களின் கடைசியில் பிரான்ஸின் செர்ஜ் விட்டெல்லி பனியில் உடம்பைக் கிடத்தித் திரும்பிப் புகழ் பெற்றார். அந்தத் திருப்பத்துக்கே அவர் பெயர்தான். பிறகு சுவிட்சர்லாந்தில் ஜாக் ரில்லியேவும் பத்ரீஸ் ஃபிவாவும் அதை எக்ஸ்ட்ரீம் கார்விங் என்ற முழுப் பாணியாக்கினார்கள். விளிம்பு மாற்றும்போது கால்களை உடலுக்கு அடியில் இழுத்துக்கொள்வது, திருப்பத்துக்குள் கால்களை நீட்டித் தள்ளுவது, கூடவே மேலுடலை வளைவின் திசைக்குச் சுழற்றுவது. இருபக்கமும் உடம்பு பனியை உரசியபடி போகும். சமன்பாட்டின்படி இது வேக உச்சத்துக்கு மிக அருகில் மட்டுமே சாத்தியமாக வேண்டும். நடைமுறையில் கொஞ்சம் சலுகை உண்டு. கையும் இடுப்பும் பனியில் படிந்ததும் எடையின் ஒரு பகுதியைப் பனி ஏற்றுக்கொள்கிறது, சமநிலைக் கணக்கு தளர்கிறது. பார்க்கப் பிரமாதம். கூட்டமான சரிவில் திசை மாற்ற வேண்டியவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மடிப்புக்கு வருவோம். உடம்பு எங்கே மடியும்? ஸ்கீயில் இரு பக்கமும் ஒன்றுபோல. ஸ்னோபோர்டில் ஆள் பக்கவாட்டில் நிற்பதால் ஒரு திருப்பம் கால்விரல் பக்கம், மறு திருப்பம் குதிகால் பக்கம். நம் மூட்டுகள் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே மாதிரி படைக்கப்படவில்லை. விரல்பக்கத் திருப்பத்தில் நெஞ்சு பனியைப் பார்க்கிறது. முழங்கால்களைப் பனியை நோக்கித் தள்ளினால் பூட்டின் முன்பகுதி அழுந்தி, குதிகால் எழும்பி, பலகை நிமிர்கிறது. இடுப்பையும் பனிப்பக்கம் கொண்டுபோய்த் தோள்களை மட்டும் நிமிர்த்தினால் கீழுடல் அதிகமாகவும் மேலுடல் குறைவாகவும் சாய்ந்திருக்கும். அதுவே மடிப்பு. இங்கே எல்லோரும் செய்யும் பிழை, கையால் பனியைத் தொட ஆசைப்பட்டு இடுப்பில் குனிவது. குனிந்ததும் இடுப்பு பின்னால் எழும்பி, பலகை படுத்துவிடும். விளம்பரப் படங்களில் கை பனியைத் தொடுவது நன்றாகச் சாய்ந்ததன் விளைவு. அதையே இலக்காக வைத்தால் தலைகீழாகப் போகும்.

குதிகால்பக்கம் இன்னும் சிரமம். கணுக்கால் பின்பக்கம் அதிகம் உதவாது. முழங்கால் பின்னால் மடியுமே தவிர முன்னால் மடியாது. பைண்டிங்கின் பின்னால் கெண்டைக்காலை ஒட்டி எழும் ஹைபேக் என்ற பிளாஸ்டிக் தாங்கி இதற்காகத்தான். கால்விரல்களைத் தூக்கிக் கெண்டையால் அதை அழுத்தினால் விளிம்பு எழும். முழங்காலை மடித்து, இடுப்பைக் குதிகாலுக்குப் பின்னால் தாழ்த்தி, மார்பை நிமிர்த்த வேண்டும். கால்களை விறைத்துக்கொண்டு முதுகை மட்டும் வளைத்தால் பார்க்க மடிந்த மாதிரி இருக்கும், பலகைக்கு ஒரு டிகிரிகூடக் கிடைக்காது.

பாதங்களை எந்தக் கோணத்தில் பூட்டுகிறோம் என்பது இங்கே தலையிடுகிறது. சாகசக்காரர்கள் பொதுவாக முன்பாதம் 15 டிகிரி முன்னோக்கியும் பின்பாதம் 15 டிகிரி பின்னோக்கியும் வாத்து நடையாக நிற்பார்கள். இருதிசையிலும் ஓட வசதி. ஆனால் இடுப்பு பலகைக்குப் பக்கவாட்டில் பூட்டப்பட்டுவிடும். இரண்டு பாதங்களையும் முன்னோக்கித் திருப்பினால் இடுப்பு மூக்கைப் பார்க்கத் தொடங்கும். அப்போது குதிகால்பக்கத்திலும் முழங்காலைப் பக்கவாட்டில் சாய்க்கலாம், இடுப்பைப் பக்கவாட்டில் ஒடிக்கலாம். பந்தயக்காரர்கள் 50 முதல் 65 டிகிரி வரை திருப்பிக்கொள்கிறார்கள்.

இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. பூட் 30 செ.மீ. நீளம், பலகையின் இடை 25 செ.மீ. குறுக்காக நின்றால் இருபக்கமும் 2.5 செ.மீ. வெளியே நீட்டும். பூட்டின் அடி பலகையின் அடிப்பரப்பிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 58 டிகிரிச் சாய்வில் பூட் நுனி பனியில் இடிக்கும். விளிம்பு புதைந்தால் இன்னும் முன்னதாகவே. இடித்த கணம் விளிம்பு பனியை விட்டு எழும்பிவிடும், ஆள் பறப்பார். தப்ப இரண்டு வழிதான். பாதத்தைத் திருப்பு, அல்லது பலகையை அகலமாக்கு. 60 டிகிரி திருப்பிய பூட் கிட்டத்தட்ட 20 செ.மீ. அகலத்தில் அடங்கிவிடும். அதற்கேற்ற ஒடுங்கிய பலகையும் ஸ்கீ பூட் போன்ற கெட்டி பூட்டும் ஒரு மரபு. மென்மையான பூட்டையே வைத்துக்கொண்டு இடையை 27 செ.மீ.க்கு அகட்டுவது இன்னொரு மரபு. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இப்போது அதற்குத்தான் மவுசு. அகலப் பலகைக்கு விலை உண்டு. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் புரட்ட அதிக நேரமும் வலுவும் தேவை, விளிம்பு பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போய்விட்டதல்லவா.

ஒடுங்கிய மரபு ஸ்கீக்கு எவ்வளவு நெருங்கியது என்பதற்கு எஸ்தர் லெடெட்ஸ்காவே சாட்சி. செக் நாட்டுக்காரரான இவர் 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் பிப்ரவரி 17 அன்று ஸ்கீயில் சூப்பர்-ஜி தங்கத்தை 0.01 வினாடி வித்தியாசத்தில் வென்றார். ஒரு வாரம் கழித்து, 24-ஆம் தேதி, ஸ்னோபோர்டின் பேரலல் ஜயன்ட் ஸ்லாலத்திலும் தங்கம். வியந்து பேசியவர்கள் இரண்டு வேறு விளையாட்டுகள் என்றார்கள். கருவி வேறுதான். ஆனால் மூக்கைப் பார்த்து நிற்கும் இடுப்பு, கெட்டி பூட், உட்பக்கம் சாயும் கால்கள், நிமிர்ந்த மேலுடல் என்று உடம்பு செய்யும் வேலையில் பாதிக்கு மேல் பொது. ஸ்னோபோர்டில் வாத்து நடையாக நின்று பழகியவருக்கு இந்தத் தாவல் கைகூடியிருக்காது என்பது என் ஊகம்.

பந்தயப் பலகையின் உள்ளே மர நடுப்பகுதி, அதன் இருபுறமும் கண்ணாடி இழை, கூடவே டைட்டனல் என்ற அலுமினியக் கலவைத் தகடு. சுவிட்சர்லாந்தின் ஹன்ஸ்யூர்க் கெஸ்லர் போன்றவர்கள் பெயர் பெற்றது இந்த உலோகப் பலகைகளால்தான். உலோகம் அதிர்வை அடக்குகிறது, முறுக்கலையும் தடுக்கிறது. முறுக்கல் முக்கியம். பலகையின் நடுவில் நாம் 60 டிகிரி கொடுத்தாலும், மூக்கு முறுக்கிக்கொண்டு 50 டிகிரிக்குத் தளர்ந்தால் வெட்டிய படி அங்கே உடையும். அதே சமயம் நீளவாக்கில் பலகை தாராளமாக வளைய வேண்டும், இல்லாவிட்டால் இடை பனியைத் தொடாது. நீளத்தில் இளக்கம், முறுக்கலில் விறைப்பு. ஒரு விறைப்பைக் கூட்டினால் மற்ற விறைப்பும் கூடும் பொருட்களை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரித்துக் கொடுப்பதில்தான் பலகை செய்பவரின் கைத்திறன் இருக்கிறது. கெட்டி பூட் பலகையின் நடுவை விறைப்பாக்கிவிடாமல் இருக்க, இப்போது பந்தயத்தில் பைண்டிங்குக்கும் பலகைக்கும் இடையே ஒரு தகட்டைத் தூக்கிப் பொருத்துகிறார்கள். அடியில் பலகை தன் போக்கில் வளையும்.

வாத்து நடையை விடாதவர்களுக்காக வேறொரு தீர்வு அவ்வப்போது சந்தைக்கு வருகிறது. குதிகால்பக்கம் மடிப்பு குறைவு, அதனால் எட்டும் கோணமும் குறைவு என்றால், அந்தப் பக்கத்து சைட்கட்டை மட்டும் ஆழமாக வெட்டு. 8 மீட்டருக்குப் பதில் 7 மீட்டர். 50 டிகிரி எட்டினாலே 4.5 மீட்டர் வட்டம் கிடைத்துவிடும். 8 மீட்டர் விளிம்புக்கு அதே வட்டத்தைப் பெற 56 டிகிரி வேண்டியிருக்கும். நியாயமான யோசனைதான். இரண்டு பாதங்களையும் முன்னோக்கித் திருப்பியவருக்கு அதன் தேவை பெருமளவு குறைந்துவிடுகிறது, அவருடைய இரண்டு பக்கங்களும் ஏற்கெனவே ஏறக்குறைய ஒன்றுபோல மடிகின்றன.